மூன்றாவது கடிதம்

வணக்கம் சார்,

திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறேன். டிசம்பரில் ஆறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு பிஎச்.டி. விண்ணப்பம் போடுகிறேன். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ப்ராஜெக்ட் கைடு ஒன்று தருகிறார். துறைத் தலைவர் (எச்.ஓ.டி.), “நீயே டைப் பண்ணிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்கிறார். மூன்றாவதை அப்பாவுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற துணைவேந்தரிடம் வாங்கலாமா? கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறாயா என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். என்ன போடுவது?

எம்.

அன்புள்ள எம்.,

விட்டுத்தருகிறேன் என்று போடுங்கள். 1974இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, அங்கே சேர்ந்த மாணவர் இந்தக் கடிதங்கள் உள்ள தன் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தால்தான் தேர்வுக்குழு அந்தக் கடிதத்தை நம்பும். அது முடிந்தது.

துணைவேந்தர் வேண்டாம். அவருக்குத் தெரிந்தவர் உங்கள் அப்பா. 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை போர்ட் டிரஸ்டுக்கு வந்தபோது, அங்கே மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார்கள். அவற்றைப் பார்த்த பிறகுதான், இவர் சில வருஷமாவது பிழைப்புக் கவலையில்லாமல் கணிதத்தில் இருக்க வழி செய்யுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமில்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. உங்கள் துணைவேந்தரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்து நாலு கேள்வி கேட்டால் அப்போது யோசிக்கலாம்.

எச்.ஓ.டி. சொன்னதைப் படித்ததும் கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமில்லை, அதை ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல் எழுதிவிட்டுப் போகும் உங்கள்மேலும்தான். இன்னொருவர் பெயரில் உங்களைப் பற்றி நீங்களே எழுதினால் அது பொய். கண்டதைக் கண்டபடி எழுதுவதற்காக ஒரு துறைக்குப் போகிறீர்கள். வாசலிலேயே பொய்யா? எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். எனக்கும் தெரியும், நானும் செய்தேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து, நான் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவன், ஒழுக்கமானவன் என்று ஒரு பக்கம் அடித்துக் கொண்டுபோனேன். பேராசிரியர் வராந்தாவில் நின்றபடியே என் பேனாவை வாங்கி, என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை.

இன்னொரு கடிதம் லேபில் இருந்த தற்காலிக விரிவுரையாளர் எழுதியது. கையாலேயே எழுதி ஒட்டிக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்த முதல் வாரம், என்னைத் தேர்ந்தெடுத்த பேராசிரியர் முதலில் கேட்டது, “அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் அப்புறம் என்னதான் கோளாறு?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் கருவி. அதில் கண்ணாடிப் பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.52 வர வேண்டிய இடத்தில் எனக்கு 1.58 வந்தது. மற்றவர்கள் ரீடிங்கைத் திருத்தி ரெக்கார்டில் 1.52 எழுதினார்கள். நான் வந்ததை அப்படியே எழுதிவிட்டு, இரண்டு சனிக்கிழமை தனியாக வந்து திரும்ப எடுத்தேன். டெலஸ்கோப்பின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. அதை அவர் பார்த்திருக்கிறார். ‘மெதுவாகத்தான் வேலை செய்வான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான்’ என்றும் எழுதியிருந்தாராம். அந்தக் குறையைச் சொன்னதால்தான் மற்றதை நம்பினேன் என்றார் பேராசிரியர்.

எச்.ஓ.டி.யிடம் கடிதம் கொண்டுபோகாதீர்கள். மதிப்பெண் பட்டியல், ப்ராஜெக்ட் சுருக்கம், அவர் வகுப்பில் செய்த செமினார் ஆகியவற்றை ஒரு தாளில் கொடுத்து, “நீங்களே எழுதித் தாருங்கள் சார்” என்று கேளுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்களோடு ஒருமுறையாவது பாடத்தில் வாதாடிய ஆசிரியர் ஒருவர் இருப்பார். பெயர் தெரியாத உதவிப் பேராசிரியராக இருந்தாலும் அவரிடம் போங்கள், செப்டம்பரிலேயே. கடிதத்தை ஏற்ற ஆறு பல்கலைக்கழகங்களும் அவருக்குத் தனித்தனி லிங்க் அனுப்பும். டிசம்பரில் அவர் செமஸ்டர் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்.