வருடம் 100 கோடி டொலர் நட்டம்: அப்பிளுக்கு ஏன் இந்த டிவி?

அப்பிளின் ஸ்ட்ரீமிங் சேவையான அப்பிள் டிவி வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் நட்டப்படுவதாக 2025 மார்ச்சில் செய்தி வந்தது. பிறகேன் இழுத்து மூடவில்லை என்று கேட்கிறீர்கள்.

வெள்ளவத்தையில் கூறைச் சேலை எடுக்கப் போயிருப்பீர்கள்தானே? இருந்ததும் சோடா வரும், பிள்ளைகளுக்கு டொபி வரும். அந்தச் சோடாவை மட்டும் கணக்குப் பார்த்தால் முதலாளிக்கு நட்டம்தான். ஆனால் ஆட்கள் எழும்பிப் போகாமல் இன்னும் நாலு சேலையை விரித்துப் பார்ப்பார்கள்.

அப்பிளுக்கும் அதே கணக்கு. 2024 நிதியாண்டில் நிகர இலாபம் 9,300 கோடி டொலருக்கு மேல். இந்த நட்டம் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஃபோட்டோ, கோப்புகளைச் சேமிக்கும் ஐகிளவுட், பாட்டுச் சேவை, டிவி எல்லாவற்றையும் அப்பிள் வன் என்று ஒரே கட்டாக 2020இலிருந்து விற்கிறார்கள். அதில் பழகியவர் லேசில் அன்ட்ரொயிட் பக்கம் போகமாட்டார். 2022இல் சிறந்த படத்துக்கான ஒஸ்காரும் வந்தது; ஸ்ட்ரீமிங் சேவையொன்றுக்கு அதுவே முதல் தடவை. அந்தப் பெயரை விளம்பரம் போட்டு வாங்க முடியாது.

சரி, பார்க்கிற எங்களுக்கு? பழைய படக் களஞ்சியம் பெரிதாக இல்லை, பெரும்பாலும் சொந்தத் தயாரிப்புகள். நானென்றால் ஒரு மாதம் கட்டி, வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன்.