கூடுதல் விலைக்கு ஆள் இருந்தும் மீனவர்கள் ஏன் ஒரே வியாபாரியிடம் மீனைப் போடுகிறார்கள்?

பாம்பன் பக்கம் வந்து போன ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்திலேயே கூடுதல் விலை கொடுக்க ஆள் நிற்கிறார். இவர்கள் ஏன் பழைய வியாபாரியிடமே போய்ப் போடுகிறார்கள்? கணக்குத் தெரியாதா?"

கணக்கு நன்றாகத் தெரியும். நான் அந்தக் கரையில் நாட்டுப்படகு வைத்திருந்த வீட்டில் பிறந்தவன். படகு, எஞ்சின், வலை எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். கடலோரத்தில் பலருக்குக் குடியிருக்கும் இடத்துக்கே பட்டா கிடையாது. வங்கி எதை அடமானம் பிடிக்கும்? வியாபாரி முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். "மீனை எனக்கே போட்டுருப்பா" என்பார், அவ்வளவுதான்.

வட்டியை எடுப்பது கரையில்தான். நண்டைக் கொட்டியதும் அவருடைய ஆள் குத்தவைத்து உட்கார்ந்து பிரிப்பார். கால் ஒடிந்தது ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், நல்லதிலேயே சந்தேகப்பட்டது ஒரு பக்கம். ஒதுக்கியதற்கு அவர் வைத்ததுதான் விலை. அப்பா பார்த்துக்கொண்டே நிற்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மாவை ராத்திரியோடு ராத்திரியாக மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காசு கொடுத்தது அதே வியாபாரிதான். அக்கா கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவரும் அவர்தான். இது சுரண்டல் என்றே நான் சொல்வேன். வெறும் சுரண்டலாக மட்டும் இருந்திருந்தால் ஊர் எப்போதோ அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

பொருளாதாரத்தைச் சமூகத்திலிருந்து பிய்த்துத் தனியே நிறுத்த முடியாது என்று பொருளாதார வரலாற்றாளர் கார்ல் பொலானி 1944-லேயே வாதிட்டார். இந்தக் காலத்து வணிகமும் மனித உறவுகளுக்குள்தான் நடக்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1985-ல் எழுதினார். எங்கள் கரையில் இதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எந்த நாளில் தொழிலுக்குப் போவது என்பதையும் சந்தை தீர்மானிப்பதில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மீதி நாட்டுப்படகுக்கு என்பது இரண்டு தரப்பும் மோதிக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். அது பத்தாத வீடு மறுபடி வியாபாரி வாசலுக்குத்தான் போகும்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆனபின், அவர்கள் காலங்காலமாக இறங்கிய கடலே தடைசெய்யப்பட்ட இடமாகிவிட்டது. தனித்தனியாக வனத்துறையிடம் மாட்டிக்கொண்டவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதம் 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தாங்களே விதி வைத்தார்கள். இதற்காகச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது 2015-ல் கிடைத்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்து வியாபாரியிடமிருந்து விடுபட்டவர்கள், மனைவி வாங்கிய குழுக்கடனில் பழைய பாக்கியை அடைத்தவர்கள்தான். அந்தக் கடனுக்கும் பட்டா கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காக்கள் பொறுப்பேற்று நின்றார்கள்.