ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி

அன்புள்ள ஐயா,

போன வாரம் மகளோடு உட்கார்ந்து, இசைமேதை மொசார்ட்டைப் பற்றிய 'அமடியஸ்' பார்த்தேன். வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட படம், நான் இப்போதுதான் பார்க்கிறேன். இசை தெரியாத என்னையே அழ வைத்துவிட்டது. மொசார்ட்டின் மனைவி அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்து, அரசவை இசையமைப்பாளர் சாலியேரியிடம் கொடுக்கிறாள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறார். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மேதை என்றால் அதுதானே! மகள் மட்டும் படம் முடிந்ததும், "அவர் எப்பப்பா பிராக்டிஸ் பண்ணுவார்?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை. கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள், அந்த எரிச்சல் அவளுக்கு.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு நண்பர், எல்லாம் பொய், சாலியேரி யாரையும் கொல்லவில்லை என்றார். 'குயீன்' ராக் குழுவைப் பற்றிய 'பொகீமியன் ராப்சடி'யும் அப்படித்தானாம். ஏமாந்துபோனதுபோல் இருக்கிறது. இசைக்கலைஞர்களின் வாழ்க்கையைப் படமாக எடுப்பவர்கள் அவர்களுக்கு நியாயம் செய்கிறார்களா? உண்மையை மாற்ற இயக்குநருக்கு எவ்வளவு உரிமை உண்டு? நம் ஊர்க் கலைஞர்களைப் பற்றி ஏன் அப்படி ஒரு படம் வரவில்லை?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் நாலு கேள்விகள் இருக்கின்றன. மூன்றை நீங்கள் கேட்டீர்கள், ஒன்றை உங்கள் மகள் கேட்டாள். அவள் கேட்டதைத்தான் நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் உங்களுடையவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சாலியேரி விஷம் வைக்கவில்லை. மொசார்ட் 1791 டிசம்பரில் இறந்த பிறகு கிளம்பிய வதந்தி அது. ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இல் அதை ஒரு குறுநாடகமாக எழுதினார். பீட்டர் ஷாஃபர் எழுதிய நாடகம் 1979இல் மேடையேறியது. அதை மிலோஷ் ஃபோர்மன் 1984இல் படமாக்கினார். மொசார்ட்டின் இளைய மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் சாலியேரியும் ஒருவர். கணவனைக் கொன்றவன் என்று நினைத்திருந்தால் எந்தத் தாயாவது பிள்ளையை அவன் வீட்டுக்குப் பாடம் கேட்க அனுப்புவாளா? சரி, அது முடிந்தது. 'பொகீமியன் ராப்சடி'யில் 1985 ஜூலை லைவ் எய்டு கச்சேரிக்கு முன்னால் குயீன் குழு பிரிந்து கிடந்ததாகக் காட்டுகிறார்கள். உண்மையில் முந்தின வருடம் புது ஆல்பம் போட்டு, அந்த மே மாதம் வரை ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இதற்கெல்லாம் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. ஓர் ஆயுளை இரண்டு மணி நேரத்தில் சொல்கிறவன் தேதிகளைக் கொஞ்சம் நகர்த்தத்தான் செய்வான்.

எனக்குக் கோபம் உங்கள் புல்லரிப்பின்மேல்தான். திருத்தமே இல்லாத அந்தத் தாள்கள். சாலியேரி கொலைகாரன் என்பதைவிட ஆயிரம் மடங்கு கெட்ட பொய் அது. நண்பர் அதைப் பொய் என்று சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதை மட்டும் அப்படியே நம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

மொசார்ட் 1785இல் ஆறு நால்வரிசைகளை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கான ஆறு உருப்படிகளை, அந்தக் காலத்து மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக வெளியிட்டார். காணிக்கைக் கடிதத்தில் அவரே எழுதுகிறார், இவை நீண்ட, கடினமான உழைப்பின் கனிகள் என்று. இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்த வேலை. அந்தப் பிரதிகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடித்தலும் திருத்தலும் நிறைந்தவை. அவர் அப்பா லியோபோல்ட் யார் தெரியுமா? வயலின் கற்பிப்பது எப்படி என்று பாடநூல் எழுதியவர். அது வெளிவந்த வருடம் 1756, மொசார்ட் பிறந்த அதே வருடம். பிள்ளை தவழ்ந்ததே ஒரு பாடசாலைக்குள்தான்.

அதற்கும்மேல் ஒன்று. 1782 ஏப்ரலில், இருபத்தாறு வயதில், வியன்னாவிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் மொசார்ட் சொல்கிறார்: ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டு மணிக்கு வான் ஸ்வீட்டன் பிரபுவின் வீட்டுக்குப் போகிறேன், அங்கே ஹாண்டெலையும் பாக்கையும் தவிர வேறெதுவும் வாசிப்பதில்லை. நினைத்துப் பாருங்கள். ஆறு வயதிலிருந்து ஐரோப்பிய அரண்மனைகளில் வாசித்தவர். பேரும் புகழும் பார்த்தாயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் போய், செத்து முப்பது வருடமான பாக் என்ற கிழவரின் ஃபியூக்குகளை உட்கார்ந்து படிக்கிறார். ஒரே சிறு சொல்லை ஒரு குரல் சொல்ல, மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக வந்து அதையே பிடித்துக்கொண்டு பின்னிப் பின்னிப் போகும் வடிவம் அது. விசைப்பலகைக்காக பாக் எழுதிய அவற்றில் ஐந்தை நால்வரிசைக்கு மாற்றி எழுதிப் பார்க்கிறார். எழுதிப் பார்த்தால்தானே கைக்குப் புரியும்! பள்ளிக்கூடம் முடித்தவர் மறுபடி முதல் பெஞ்சில் வந்து உட்காருகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை யார் படமாக எடுத்திருக்கிறார்கள்? அவர் சிரித்த சிரிப்பைக் காட்டினார்கள். கடனையும் குடியையும் பொதுக்குழியையும் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளைக் காணோம்.

மாயவரம் பக்கத்தில் எங்கள் தெருவில், நேர் எதிர் வீட்டில் ஒரு நாயனக்காரர், அதாவது நாதஸ்வரக்காரர், இருந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவோம். காலை நாலு மணிக்குச் சாதகம். கச்சேரியில் வாசிப்பதுபோல இருக்காது. தோடியில் மேல் காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் ஒரு பிடி, இரண்டு வினாடிகூட வராது. அதையே வாசிப்பார். நிறுத்துவார். மறுபடி அதே. ஒரு மார்கழி முழுக்க அதே பிடியைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என் அம்மாவுக்கு ஒரு பாட்டும் பாடத் தெரியாது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டே, "இன்னும் விழலைடா அவருக்கு" என்பாள். ஒரு நாள், "இன்னைக்கு விழுந்துடுச்சு" என்றாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவள் முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

அண்ணனுக்குப் பரீட்சை நேரம். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று அப்பா கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். சொன்னீங்களா என்றாள் அம்மா. அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "பாவம், சீவாளி சரியா அமையலையாம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

நாயனத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளி அமைவதை நான் அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்தது. ஒரு சின்னப் பித்தளை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு ஊற வைப்பார். எடுத்து இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் அழுத்துவார். உதட்டில் வைத்து ஓர் ஊது. தலையாட்டிவிட்டு அடுத்தது. பத்தில் ஒன்று தேறும். தேறியதை நாயனத்தில் செருகி ஷட்ஜத்தில் நின்றார் என்றால், எதிர்வீட்டுத் திண்ணையில் கை வைத்தால் அதிரும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் எடுத்த 'பேர்டு' படத்தைப் பார்த்தபோது எனக்கு இவர் நினைவுதான். ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் கதை. பார்க்கரின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவர் வாசிப்பை மட்டும் பிரித்தெடுத்து, பக்கவாத்தியங்களைப் புதிதாக வாசிக்க வைத்துச் சேர்த்திருந்தார்கள். ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம், அந்த மரியாதையைக் குறை சொல்ல மாட்டேன். பதின்வயதுப் பார்க்கர் கான்சஸ் சிட்டியில் ஒரு மேடையேறித் தடுமாறுகிறான். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் சிம்பல் என்ற வட்டத் தாளத் தட்டு ஒன்றைக் கழற்றி அவன் காலடியில் எறிகிறார். நிஜமாக நடந்தது. அந்தச் சிம்பல் படம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பறக்கிறது. ஹெராயினையும் விடாமல் காட்டுகிறார்கள். 34 வயதில் இறந்த உடம்பைப் பார்த்த மருத்துவர் அவருக்கு ஐம்பதுக்கு மேலிருக்கும் என்று நினைத்ததும் உண்டு. எல்லாம் நடந்தவைதான். ஆனால் பார்க்கர் ஒரு வானொலிப் பேட்டியில் தானே சொன்ன ஒன்று இருக்கிறது. மூன்று நாலு வருடம், ஒரு நாளைக்குப் பதினொன்றிலிருந்து பதினைந்து மணி நேரம் சாதகம் செய்தாராம். அக்கம்பக்கத்தார் பொறுக்க முடியாமல், வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று அவர் அம்மாவிடம் சொல்லப் பார்த்தார்களாம். சிம்பல் விழுந்தது ஒரு நொடி. அதற்குப் பதில் சொல்லிய அந்த நாலு வருடம் எங்கே? பார்க்கிறவன் மனதில் என்ன தங்குகிறது? அவமானமும் போதையும் சேர்ந்தால் மேதை பிறப்பான் என்பது. இந்தப் பொய்யை நம்பிப் பார்க்கர்போல வாசிக்க ஆசைப்பட்டு ஊசியைத் தொட்ட இளைஞர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். இதைக் கேட்டு பார்க்கரே வருந்தியிருக்கிறார்.

நம் ஊர்க் கலைஞர்களைப் பற்றி ஏன் படமில்லை என்கிறீர்கள். நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையையே 1940இல் ஒரு படத்தில் நடிக்க வைத்தார்கள், கவி காளமேகமாக. அதை விடுங்கள். எங்கள் தெருவுக்கே ஒரு படக்குழு வந்தது, பல வருடம் கழித்து. மாமாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆவணப்படம் என்றார்கள். மூன்று பிள்ளைகள், நல்ல பிள்ளைகள்தான், காலில் விழுந்து கும்பிட்டார்கள். "உங்க கஷ்டத்தையெல்லாம் சொல்லுங்க ஐயா" என்றார்கள். சொன்னார். சில வீடுகளில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வைத்ததைச் சொன்னார். பந்தியில் கடைசியாக உட்கார வைத்ததைச் சொன்னார். பிள்ளைகள் யாரும் நாயனத்தைத் தொடாததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. இதெல்லாம் சொல்லப்பட வேண்டியதுதான், ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தோடி வாசிக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம் போதும் ஐயா" என்றான் ஒருவன். மாமா பித்தளை டப்பாவைத் திறந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அது ஊறுவதற்குள் அவர்கள் விளக்குகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

படம் பிறகு வந்தது. அதில் அவர் நாயனம் பதினோரு விநாடி ஒலிக்கிறது, அதுவும் யாரோ பேசும் பேச்சுக்கு அடியில். எண்ணிப் பார்த்தேன். கண்ணீர் மூன்று இடத்தில் வருகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் 'அமடியஸு'க்கு நான் அநியாயம் செய்தவனாவேன். மரணப் படுக்கையில் மொசார்ட் சொல்லச் சொல்ல, சாலியேரி 'ரெக்வியம்' என்ற இறந்தோருக்கான பிரார்த்தனைப் பாடலை எழுதுவாரே, அந்தக் காட்சி. வரலாற்றின்படி படத்திலேயே பெரிய பொய் அதுதான். சாலியேரி அந்த அறையில் இல்லவே இல்லை. மொசார்ட் குறையாக விட்டதை முடித்தவர்களில் முக்கியமானவர் அவரிடம் பாடம் கேட்ட ஸூஸ்மையர். ஆனால் அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது? முதலில் கீழ்க்குரல். அதன்மேல் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல். அப்புறம் ஊதுகருவிகள், முரசு, நரம்புக் கருவிகள். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்க வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்துவிடுகிறார்கள். எழுதுகிறவர் தடுமாறுகிறார், ரொம்ப வேகம், ரொம்ப வேகம் என்று கெஞ்சுகிறார், திடீரென்று பிடிபட்டு முகம் ஒளிர்கிறது. செங்கல் செங்கலாக ஒரு சுவர் எழும்புவதைக் கண்ணால் பார்க்கிறோம். இசை என்பது ஒரு வேலை, இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை என்று இவ்வளவு அழகாகக் காட்டிய படம் வேறு நான் பார்க்கவில்லை. நீங்கள் அழுதது அங்கே என்றால், ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது சரியான இடம்.

இன்னொரு படமும் உண்டு. ஸ்த்ரோப், உய்யே தம்பதி 1968இல் எடுத்தது, பாக்கின் இரண்டாம் மனைவி சொல்வதாக அமைந்தது. பாக்காக வருபவர் குஸ்தாவ் லெயோன்ஹார்ட், ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகைக் கருவி வாசிப்பதில் அந்தத் தலைமுறையின் பெரிய கை. அவரே வாசிக்கிறார், வாசிப்பதை அங்கேயே ஒலிப்பதிவு செய்கிறார்கள், காமிரா பெரும்பாலும் நகராமல் காத்திருக்கிறது. பொறுமை வேண்டும். உங்களிடம் இருக்கிறதா தெரியாது, உங்கள் மகளிடம் இருக்கும்போல் தெரிகிறது.

அவளுக்கு இன்னும் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். எரிச்சலில் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எரிச்சல் இல்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் விட்டுப்போனது எது என்று அந்தப் பிள்ளை ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். திருத்தமே இல்லாமல் எழுதுபவர்தான் மேதை என்று இனி ஒருமுறைகூட அவள் காதுபடச் சொல்லாதீர்கள். நாளைக்குக் கீபோர்டில் ஒரு விரல் தப்பினால், தனக்கு அது இல்லை என்று மூடி வைத்துவிடுவாள்.

ஹைடனுக்குக் கொடுத்த ஆறில் முதலாவது, கே.387 என்று தேடினால் கிடைக்கும். ஸ்வீட்டன் வீட்டுக்குப் போய்வந்த அதே 1782இன் கடைசி நாள், டிசம்பர் 31, அதன் பிரதியில் இருக்கிறது. நாலாவது பகுதியை மட்டும் போடுங்கள். நாலே நாலு நீளமான சுரங்களில் இரண்டாவது வயலின் தனியாகத் தொடங்கும். முதல் வயலின் அதையே எடுக்கும், அப்புறம் செல்லோ, அப்புறம் வியோலா. பாக்கிடம் படித்த பாடம் அப்படியே அதில் கேட்கும். அந்த நாலு சுரத்தையும் அவள் கீபோர்டில் தேடிப் பிடிக்கட்டும், எத்தனை தடவை தப்பினாலும் சரி, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். வருகிற ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.