மகளை சைட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறாள். கோவையில் கணினியில் வரைபடம் போடும் வேலை கிடைத்திருக்கிறது. பல்லடம் பக்கம் மில் கட்டும் ஒப்பந்ததாரர் ஒருவரும் சைட் இன்ஜினீயராகக் கூப்பிடுகிறார். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். அவளுக்கு சைட் மேல்தான் ஆசை. ஆண்களுக்கு நடுவில் பெண்பிள்ளை வெயிலில் நிற்பதா என்று அவள் அப்பா மறுக்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: அம்மிணியை சைட்டுக்கே அனுப்புங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆனி மாதம், பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தோட்டத்துச் சாளை வீட்டுக்குத் தளம் போட்டோம். கம்பி, சிமெண்ட், கலவை எதிலும் குறையில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. தளத்தின் மேல் போட சாக்கை நனைத்து வரட்டுமா என்று ஒரு சித்தாள் அம்மா கேட்டார். இப்போதே எதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று தடுத்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் மேல்பரப்பு வறண்டு, மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடியது. தர விதி ஐஎஸ் 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) போன்ற கலப்பு சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காயாமல் நீராற்றச் சொல்கிறது. அதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். நம் ஊர் ஆனிக்காற்றில் போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே தளத்தை மூடிவிட வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது.

அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கொங்கு நாட்டுக் கட்டடங்களுக்குக் கலவையும் கல்லும் சுமந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்! வெயிலில் நின்ற அவர்கள் கையில் வரைபடத்தை மட்டும் நாம் கொடுத்ததில்லை. உங்கள் மகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

வரைபட வேலை எங்கும் ஓடிவிடாது. பல்லடம், சூலூர்ப் பக்கமெல்லாம் ஆலையில் செய்துவந்து போல்ட் போட்டு நிறுத்தும் இரும்புக் கட்டடங்கள் எழும்புகின்றன. ஆற்றுமணல் போய், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்துவிட்டது. பெரிய வேலைகளுக்கு, ஆலையிலேயே கலந்த ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியில் வருகிறது. இவற்றையெல்லாம் இரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிறகு கட்டடத்தை முப்பரிமாணத்தில் கட்டிக்காட்டும் பிம் மென்பொருளைக் கற்கட்டும். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பி நெருங்கி, கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இறங்காமல் தவித்ததைப் பார்த்தவள், படம் போடும்போதே அங்கு இடம் விடுவாள்.

ஒரு விஷயத்தில் அவள் அப்பாவின் கவலை நியாயமானது. கழிப்பறை இல்லாத சைட்டில் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்திய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது. கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996லேயே கழிப்பறையைக் கட்டாயமாக்கியது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். சேருவதற்கு முன் ஒருநாள் மூவருமாகப் பல்லடம் போய்வாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவள் அப்பாவே பார்க்கட்டும். இரண்டும் இருந்தால் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிடுங்கள்.