சிதம்பரம் கப்பலில் சுக்கான் பிடித்தவரிடம் கேளுங்கள்

எழுபதுகளின் நடுவில் விசாகப்பட்டினத்தில் மேகலா பயிற்சிக் கப்பலில் தேறி, பம்பாய் ரோஸ்டரில், அதாவது கப்பல் வேலைக்குக் காத்திருப்போர் பட்டியலில், பேர் பதிந்து, சரக்குக் கப்பல்களில் சுற்றிவிட்டு எம்.வி. சிதம்பரத்துக்கு வந்தவன் நான். முதலில் சீமன் (சாதாரண மாலுமி), அப்புறம் சுக்கானி. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர், இதுதான் ரூட். பயணிகள் கப்பல் வாழ்க்கை பற்றிப் பலரும் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து: தாத்தா, என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். திறந்த டெக்கில் பாய் போட்டுப் படுத்து வந்தோம் என்பார். உண்மையா, கொஞ்சம் கூட்டிச் சொன்னாரா?

உண்மைதான் அம்மா. ரஜூலாவில் நான் வேலை பார்க்கவில்லை. அதில் இருந்த பெரிய சாரங்குகள் (டெக் ஆட்களின் தலைவர்கள்) வாயால் கேட்டதுதான். 1926-இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டியது. ஆரம்ப காலத்தில் 5,000 பேருக்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்த கப்பல் அது. அத்தனை பேருக்கும் கட்டிலா போட முடியும்? பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அதுதான் வீடு. மேலே கித்தான் பந்தல். மழை சாய்ந்து அடித்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு நடுவில் ஒடுங்குவார்கள்.

அதன் தங்கைக் கப்பல் ரோனா 1943-இல் படைவீரர்களை ஏற்றிப் போகும்போது அல்ஜீரியா பக்கம் ஜெர்மன் விமானக் குண்டில் மூழ்கியது. ரஜூலா மட்டும் போரையும் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பேர் மாற்றியது. அடுத்த வருஷமே உடைத்துவிட்டார்கள். டெக் பயணிகளுக்கு எவ்வளவு இடம், என்ன பாதுகாப்பு என்று 1971-லும் 1973-லும் நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. நான் சிதம்பரத்துக்கு வந்தபோது சாதாரண டிக்கெட்காரருக்கும் படுக்கை உண்டு. கீழ்த் தளங்களில் வரிசை வரிசையாக பங்க் என்ற அடுக்குப் படுக்கை. பாட்டிக்கு இல்லாத வசதி.

திருச்சியிலிருந்து: சிதம்பரம் இங்கே கட்டிய கப்பலா சார்?

இல்லை. பிரான்சில் டன்கர்க்கில் கட்டியது. பாஸ்தர் என்ற பேரில் 1966-லிருந்து ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் ஓடியது. கப்பல் கழகம் 1972-இல் வாங்கியது. பேரைக் கேட்டால் எங்கள் ஆட்கள் வ.உ.சி.யின் பேர் என்றுதான் சொல்வார்கள்.

தூத்துக்குடியிலிருந்து: அண்ணே, சாரங், டிண்டால் என்றெல்லாம் எங்க அப்பா சொல்வார். யார் யாருக்கு மேலே?

டெக்கில் சாரங்தான் கீழ்மட்ட ஆட்களுக்குத் தலைவர். அவருக்கு அடுத்து டிண்டால். ஸ்டோர் சாமான் பார்ப்பவர் காசாப். சுக்கான் பிடிப்பவன் சுக்கானி. மற்றவர்கள் கலாசி. எஞ்சினுக்குத் தனி சாரங், எண்ணெய் விடும் ஆயில்மேன். சலூன், அதாவது சாப்பாட்டுக் கூடம், பக்கம் பட்லர், பான்ட்ரிக்காரர், எடுபிடி வேலைக்கு ஜி.எஸ். அந்தப் பக்கம் கோவாக்காரர்கள் அதிகம். எங்களுக்குச் சமைப்பவர் பண்டாரி. கழிப்பறையும் தளமும் கழுவுபவர் டோப்பாஸ்.

சரக்குக் கப்பலில் டோப்பாஸுக்கு வேலை குறைவு. பயணிகள் கப்பலில் அவர் நின்றால் கப்பலே நின்ற மாதிரி. நாகையை விட்ட முதல் ராத்திரி பாதிப் பயணிகள் வாந்தி எடுப்பார்கள். மரத்தூளைத் தூவி, அள்ளி, கழுவி, திரும்ப வருவதற்குள் அடுத்த வரிசை ஆரம்பித்திருக்கும். ஏணியில் கடைசிப் படி அவர்தான், சம்பளத்திலும் சரி, மரியாதையிலும் சரி. பழைய கப்பல் கதை பேசுகிறவர்கள் கேப்டனைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் கால்வாசியாவது டோப்பாஸைப் பற்றிப் பேசலாம்.

நாகூரிலிருந்து: பாய், நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கே வராதாமே? எங்க வாப்பா படகில் போய் ஏறியதாகச் சொல்வார்கள்.

ஆமாம் தம்பி. அங்கே பெரிய கப்பல் அணையும் ஆழம் இல்லை. வெளியே நங்கூரம் போட்டு நிற்போம். உங்கள் ஊர் தர்கா மினாராக்கள் கரையில் குச்சி மாதிரி தெரியும். எங்கள் ஆட்களில் மதம் பார்க்காமல் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள். கொஞ்சம் தெற்கே வேளாங்கண்ணி. அதற்கும் ஒரு கும்பிடு.

பயணிகள் பெரிய படகில் வருவார்கள். கப்பல் பக்கவாட்டில் தொங்கும் கேங்வே ஏணியின் அடித்தட்டில் எங்களில் இரண்டு பேர் நிற்போம். அலை படகை மேலே தூக்கும், ஆளுயரத்துக்குக் கீழே இறக்கும். மேலே வரும் அந்த ஒரு நொடியில்தான் ஆளை இழுக்க வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது, வியர்வையில் வழுக்கும். முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடிக்க வேண்டும், அவர்களும் நம் முன்கையைப் பிடிக்க வேண்டும். “இப்ப வைங்க காலை!” என்று கத்தினால் பாதிப் பேர் வைப்பார்கள், மீதிப் பேர் யோசிப்பார்கள். யோசித்தவரைப் படகு கீழே கொண்டுபோய்விடும், அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும். குழந்தைகளைக் கைமாற்றி மேலே அனுப்பிவிடுவோம். வயதான அம்மாக்கள்தான் பெரும்பாடு. ஒரு கை புடவையைப் பிடிக்கும், இன்னொரு கை முறுக்கு டின்னை விடாது, எங்களுக்குப் பிடிக்கக் கொடுக்கக் கை இருக்காது. “பாட்டி, டின்னை என்கிட்ட கொடுங்க” என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அதே நேரம் இன்னொரு பக்கம் வெங்காய மூட்டை ஸ்லிங்கில் ஏறிக்கொண்டிருக்கும். அக்கரையில் இந்திய வெங்காயத்துக்கு நல்ல கிராக்கி. வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் ஏற்றுவதை நிறுத்திக் காத்திருப்போம்.

கோலாலம்பூரிலிருந்து: அங்கிள், சாப்பாடு எப்படி?

பயணிகளுக்குச் சோறு, சாம்பார், பொரியல், ரொட்டி. அசைவக்காரருக்குக் கறி அல்லது மீன். நீராவியில் வேகும் அண்டாச் சோறு, கொஞ்சம் குழைந்துதான் இருக்கும். பாதிப் பேர் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையையும் ஊறுகாயையும்தான் நம்பினார்கள்.

எங்கள் பண்டாரி வடக்கத்திக்காரராக வாய்த்தால் பருப்பும் ரொட்டியும்தான். ரசம் கேட்டால் பருப்பிலேயே தண்ணீர் ஊற்றித் தருவார். நான் மிளகாய்த்தூளும் புளியும் பெட்டியிலேயே வைத்திருப்பேன். சாப்பாட்டை விட நல்ல தண்ணீர்தான் பிரச்சினை. வேளை பார்த்துத்தான் குழாய் திறக்கும். கடல் தண்ணீரில் குளித்தால் சாதா சோப்பு நுரைக்காது, பிசுபிசுவென்று ஒட்டும்.

சேலத்திலிருந்து: வாந்தி வராமல் இருக்க என்ன செய்தீர்கள்?

வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது. காய்ந்த ரொட்டி, எலுமிச்சை ஊறுகாய். கப்பலின் நடுப்பகுதியில், எவ்வளவு கீழே முடியுமோ அங்கே படுக்க வேண்டும். ஆட்டம் முன்னாலும் பின்னாலும் அதிகம். மேல் தளத்துக்கு வந்தால் அலையைப் பார்க்காதீர்கள், தொடுவானத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் தானாகச் சரியாகும். அதற்குள் பினாங்கே வந்துவிடும், அது வேறு விஷயம்.

சிங்கப்பூரிலிருந்து: நடுக்கடலில் கடிகாரத்தை எப்படி மாற்றுவீர்கள்?

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. 1982 பிறப்பதற்கு முன் மலேசிய, சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தை விட இரண்டு மணி முன்னால். 1982 ஜனவரி 1 முதல் அவர்கள் இன்னும் அரை மணி நகர்த்திக்கொண்டார்கள், வித்தியாசம் இரண்டரை மணி ஆனது. கிழக்கே போகும்போது ராத்திரிதோறும் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளை முன்னால் தள்ளுவோம். அதாவது தூக்கத்தில் கை வைக்கும் பயணம். எந்த வாட்ச்காரருக்கு (முறை வைத்து வேலையில் நிற்பவருக்கு) எவ்வளவு போகிறது என்பதில் சண்டையே வரும். அதனால் இழப்பை வாட்ச்சுகளுக்குள் பிரித்துவிடுவார்கள். திரும்பும்போது முள் பின்னால் வரும், தூக்கமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ராத்திரி வாட்ச்சில் நிற்பவனுக்கு அதே நேரம் வேலையாக நீளும்.

நான் நாலு-எட்டு வாட்ச். விடியலும் அந்தியும் என் பங்கு. சென்னையிலிருந்து பினாங்கு சுமார் 1,300 கடல் மைல். நடுக்கடலில் ஆட்டோ பைலட் ஓட்டும், எனக்கு லுக்அவுட், அதாவது சுற்றிலும் கண்காணிக்கும் வேலை. கிரேட் நிகோபாரின் தென்முனை விளக்கைத் தாண்டி மலாக்கா ஜலசந்தி நெருங்கினால் கையால் சுக்கான். இரண்டு மணிக்கு ஒருவர் மாறுவோம். ஆபீசர் சொல்லும் ஒவ்வொரு ஆர்டரையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். கிள்ளானுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் சதுப்பு மரக்காடு, எதிரே கப்பல் வந்தால் வழிகாட்ட ஏறிய துறைமுகப் பைலட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

ராமநாதபுரத்திலிருந்து: குருவிகள் பற்றிச் சொல்லுங்கள். கப்பல்காரர்களும் சாமான் கடத்தினார்களா?

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டீர்கள். குருவி என்றால் அடுத்தவர் சாமானைக் கமிஷனுக்குச் சுமந்து போய் வருபவர். அவர்களை முகம் பார்த்தே தெரியும். மற்ற பயணிகள் கப்பல் கிளம்பும்போது கரையைப் பார்த்து அழுவார்கள், குருவி தன் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போகும்போது கப்பலில் மஞ்சள், அப்பளம், கருவாடு மணம். வரும்போது வேறு கப்பல். டேப் ரெக்கார்டர், நைலக்ஸ் புடவை, யார்ட்லி பவுடர், கோடாலித் தைலம், டைகர் பாம். சென்னை நெருங்க நெருங்க பங்க் தளத்தில் ஒரே சலசலப்பு. அட்டைப் பெட்டியைப் பிரித்து, புதுசைப் பழசாக்கும் வேலை நடக்கும். ரேடியோவில் கொஞ்சம் தேங்காயெண்ணெய்க் கையைத் தடவினால் உபயோகித்த சாமானாம். சுங்கக்காரர் இதையெல்லாம் பார்க்காதவரா? ஊருக்குப் போகிற அப்பாவி, தங்கைக் கல்யாணத்துக்கு வாங்கிய ஒரே புடவைக்கு நடுங்கிக்கொண்டு நிற்பார், பழகினவர் சிரித்துக்கொண்டே போவார். எனக்கு அந்தக் காட்சி எப்போதுமே பிடித்ததில்லை.

தங்கம் தனிக் கதை. 1968 தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது, வெளியிலிருந்து கொண்டுவந்தால் லாபம், அதனால் ஆசை. கப்பல்காரர்களில் மாட்டினவர்களும் உண்டு. எங்களுக்கு ரம்மேஜ் என்ற சோதனை வரும். கேபின் பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள், வென்டிலேட்டருக்குள் கை விடுவார்கள். எங்கள் சொந்தச் சாமானுக்கு முன்னாலேயே பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு கைக்கடிகாரம் போதும், வேலைக்கே ஆபத்து.

கோயம்புத்தூரிலிருந்து: பயணிகளோடு பழக விடுவார்களா?

வேலையில்லாமல் பயணிகள் தளத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் ஊர்ப்பேரைச் சொல்லிப் பேச்சுக் கொடுப்பார்கள். அக்கரையில் ஒரு முகவரியைக் கொடுத்துக் கடிதம் சேர்க்கச் சொல்வார்கள். முடிந்தவரை செய்தோம்.

மதுரையிலிருந்து: சம்பளம் எவ்வளவு?

கரை வேலையை விட நல்ல சம்பளம். ஆனால் சைன் ஆஃப் ஆகி, அதாவது ஒப்பந்தம் முடிந்து இறங்கியதும் நின்றுவிடும். அடுத்த அழைப்பு வரும்வரை பம்பாயில் காத்திருக்க வேண்டும், சேர்த்ததில் பாதி அங்கேயே கரையும்.

சென்னையிலிருந்து: 1985 தீ விபத்தின்போது கப்பலில் இருந்தீர்களா?

இல்லை, அதற்கு முன்பே வேறு கப்பலுக்கு மாறிவிட்டேன். 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின. கப்பலை மறுபடி ஓட்டவில்லை, அதே வருஷம் உடைக்கப் போய்விட்டது. விசாரணை, காரணம் பற்றி நான் பேசமாட்டேன், இல்லாத இடத்தில் சாட்சி சொல்லக் கூடாது.

பொதுவாக ஒன்று சொல்லலாம். கப்பலில் நெருப்பை விடப் புகை வேகமாக ஓடும், ஆளைக் கொல்வதும் அதுதான். மின்சாரம் போனால் கீழ்த் தளத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் படிக்கட்டும் தெரியாது. அதனால்தான் ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல் அடித்துப் பயிற்சிக்கு அழைப்போம். லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டே “அப்புறம் வர்றேன் தம்பி” என்பார்கள். நீங்கள் இப்போது இலங்கையின் காங்கேசன்துறைக்குப் படகில் போனாலும் சரி, சொகுசுக் கப்பலில் போனாலும் சரி, ஏறினதும் உங்கள் அறையிலிருந்து மேல்தளத்துக்குப் போகும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: என் அப்பா கப்பலில் இருந்தவர், இப்போது இல்லை. அவருடைய சி.டி.சி. புத்தகம் மட்டும் கிடைத்தது. அதில் என்ன தெரியும்?

நிறையத் தெரியும் அம்மா. சி.டி.சி. என்பது கப்பல்காரரின் பணிப் பதிவுப் புத்தகம், நாங்கள் அதை நல்லி என்போம். ஒவ்வொரு வரிசையும் ஒரு கப்பல். கப்பல் பேர், எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏறினார், எங்கே இறங்கினார், என்ன வேலை. ஓரத்தில் நடத்தைக்கும் திறமைக்கும் முத்திரை இருக்கும். பெரும்பாலும் ‘வெரி குட்’தான். அதை வைத்துப் பெருமையும் பட வேண்டாம், அது இல்லாவிட்டால்தான் அந்தக் காலத்தில் கவலை. வேலை என்ற இடத்தில் வருஷத்துக்கு வருஷம் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள், பதவி உயர்வு தெரியும். இறங்கிய தேதிக்கும் அடுத்து ஏறிய தேதிக்கும் உள்ள இடைவெளியை உங்கள் வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள் தேதிகளோடு ஒப்பிடுங்கள், எதற்கு ஊரில் இருந்தார், எதற்கு இல்லை என்று தெரிந்துவிடும். வருங்கால வைப்பு நிதி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று மும்பையில் சீமென்ஸ் பிராவிடன்ட் ஃபண்ட் அலுவலகத்துக்கு அந்த சி.டி.சி. எண்ணைப் போட்டு எழுதிக் கேளுங்கள். புத்தகத்தை மட்டும் தபாலில் அனுப்பாதீர்கள், நகல் போதும்.