டிஸ்சார்ஜ் சீட்டில் அசிட்ரோம் இல்லை: எப்போது தொடங்குவது?

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அசிட்ரோம் மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு, மண்டையில் துளை போட்டு உறைந்த ரத்தத்தை எடுத்துப் பத்து நாள், சீட்டில் அசிட்ரோம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்கிறீர்கள். இன்றே ஆபரேஷன் செய்த புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "எந்தத் தேதி, எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வால்வு இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், மறுபடி சி.டி. பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள்.

விட்டுப்போனதற்குக் காரணம், மூளை டாக்டர் இதய டாக்டர் சொல்வார் என்று விட்டிருப்பார், அவர் இவர் சொல்வார் என்று இருந்திருப்பார். என் மாமாவுக்கும் அதே கதைதான். கடலூரிலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறினோம்.

அப்புறம், சீட்டில் 'வைட்டமின் கே ஊசி' என்று இருக்கிறதா பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் அசிட்ரோமின் வேகத்தை முறிக்க அதைப் போடுவார்கள். போட்டிருந்தால், மாத்திரை தொடங்கிய பிறகும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) சில நாள் ஏறாமல் முரண்டு பிடிக்கும். பயந்துபோய் அரை மாத்திரை கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

அசிட்ரோமுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன டாபிகாட்ரான் மாத்திரை உலோக வால்வுக்கு ஆகாது. தலைவலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ பதிலுக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.