அம்மாவின் மச்சச் சட்டி

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை, திருக்கடலூர். அப்பா கடல் தொழில் செய்தவர், போன வருடம் தவறிவிட்டார். ஒரு பிரசங்கம் கேட்ட பிறகு நான் மச்சம், மாமிசம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அம்மாவால் விட முடியவில்லை. வீட்டுக்குள் மீன் வாடை அடித்தால் சாமி அறையில் மனம் ஒட்டுவதில்லை, அதனால் பின் பத்தியில் தனி அடுப்பு வைத்துச் சமைக்கச் சொன்னேன். அதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மீன் சாப்பிடுவது பாவம் என்றுதானே சைவ சமயம் சொல்கிறது? மற்றச் சமயங்கள் ஏன் இதில் இவ்வளவு இளக்கமாக இருக்கின்றன? முட்டை சாப்பிடலாமா?

தம்பி,

முட்டையை விடும். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி.

மற்றச் சமயங்களை ஏன் இழுக்கிறீர்? பிக்குகள் மீனும் இறைச்சியும் தொடவே கூடாது என்று விதி செய்யச் சொல்லி சீடன் தேவதத்தன் புத்தரிடம் கேட்டான், அவர் மறுத்துவிட்டார். உனக்காகக் கொன்றதைக் கண்டாலோ, கேட்டாலோ, அப்படிச் சந்தேகம் வந்தாலோ உண்ணாதே, மற்றபடி பாத்திரத்தில் இட்டதை உண் என்பதுதான் அவர் வைத்த அளவு. மூதூரிலும் கிண்ணியாவிலும் பெருநாளில் குர்பான் பலி கொடுக்கிறவர்கள் ஏழைகளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சேர்வதில்லை, உங்கள் இறையச்சமே சேர்கிறது என்று குர்ஆனே சொல்கிறது. யோசித்துச் செய்கிறவர்களைப் பார்த்து இளக்கம் என்று சொல்ல உமக்கு எப்படி மனம் வந்தது?

சரி, நம்முடைய வீட்டுக்கு வருவோம். புலால் கூடாது என்று நம்மவர்கள் சொன்னார்களா என்றால், சொன்னார்கள், உரக்கவே சொன்னார்கள். வள்ளலாருக்கு உயிரிரக்கம்தான் எல்லாவற்றுக்கும் முதற்படி. ஆறுமுக நாவலர் புலாலையும் கோவிலில் கிடாய் வெட்டுவதையும் விடாமல் எதிர்த்தார். நானும் மச்சம் விட்டு வருடக்கணக்காகிறது, ஆகவே உம்முடைய முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 256ஆவது குறளை ஒருமுறை எடுத்துப் பாரும். தின்பதற்காக உலகம் கொல்லாமல் இருந்தால், விலைக்கு ஊன் தருகிறவனும் இருக்கமாட்டான் என்கிறார் வள்ளுவர். குற்றத்தில் பெரிய பங்கை வாங்கித் தின்கிறவன் தலையில்தான் வைக்கிறார். சூரையும் பாரையும் விற்ற காசில் படித்து, இன்றைக்குச் சாமி அறை கட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறீர். அந்தக் கணக்கை அம்மாவின் சட்டியோடு மட்டும் முடித்துவிட்டீர்.

உம்முடைய கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். மீன் படுகிற பாட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. வாடை இருக்கிறது, சாமி அறை இருக்கிறது, உம்முடைய மனம் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். இரக்கப்பட்டு விட்டவரோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம், அருவருத்து விட்டவரோடு இருப்பது பெரிய பாடு.

என் அம்மப்பா சிவதீட்சை பெற்றவர். மாலையில் விளக்கு வைத்ததும் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தைப் பாடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என் தம்பி பிறந்தபோது அம்மாவுக்குப் பால் போதவில்லை. அம்மப்பா தானே சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி, நெற்றி நிறையத் திருநீறும் கையில் மீன் போட்ட ஓலை உமலுமாகத் தெருவழியே நடந்து வந்தார். 'என்ன ஐயா, சைவம் கடலுக்குள்ள போயிற்றுதோ?' என்று படலையடியில் நின்ற ஒருவர் நக்கலடித்தார். அம்மப்பா நிற்கவேயில்லை. 'பிள்ளை பெத்தவளுக்குத் தேவாரத்தைக் காய்ச்சிக் குடுக்கிறதோ?' என்று கேட்டபடி வந்துவிட்டார். அம்மம்மா சுறா வறுக்க, அதே குசினியில் ஒரு மூலையில் பலகை போட்டிருந்து பருப்பும் சோறும் சாப்பிட்டார். வாடை என்று ஒரு சொல் சொன்னதில்லை, அப்புறம் கடைசிவரை மச்சம் தொட்டதும் இல்லை.

இன்னொன்று. உம்மைப்போலக் கடற்கரையில் பிறந்தவர் அதிபத்த நாயனாரை மறக்கலாமா? நாகப்பட்டினத்து நுளைப்பாடிக்காரர், பரதவர் தலைவர். பிடிபடும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று தினமும் கடலில் விடுவார். நாளுக்கு ஒரு மீன்தான் கிடைக்கிறது என்ற நிலை வந்தபோதும் அதையும் விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் வந்தது, அதையும் விட்டார். சிவன் விடைமேல் வந்தது வலையும் கையுமாகக் கடலில் நின்ற அந்த மனிதனுக்கு. குளித்துவிட்டு வா, வாடை அடிக்கிறது என்று சொன்னதாகச் சேக்கிழார் எழுதவில்லை. (கண்ணப்பரை நான் இழுக்கவில்லை. கொத்துரொட்டிக் கடையில் உட்கார்ந்துகொண்டு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். அவர் கண்ணைத் தோண்டிக் கொடுத்தவர், அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.)

உம்மிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா தவறிய எட்டாம் நாள் படையலில், எட்டுச் செலவுக்கு, என்ன படைத்தீர்கள்? அவருக்குப் பிடித்த மீன் இல்லாமலா? அதைச் சமைத்தது யார்?

விரதத்தை விடவேண்டாம். உமக்கென்று ஒரு மரக்கறிச் சட்டி வாங்கி நீரே கழுவி வையும், ஏலுமானால் நீரே சமையும். அம்மாவின் அடுப்பை இந்தக் கிழமையே உள்ளே கொண்டுவாரும். மாரி தொடங்கினால் அந்த வயதில் பத்தியில் நின்று ஈரவிறகு ஊத அவரால் ஏலாது.